முராய் பாடிய மாமரம்

பணி ஓய்வு பெற்ற மறுமாதமே தொலைநோக்கி வாங்கிவிட்டேன். பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் சேர்ந்தாயிற்று. மற்றவர்கள் இருவாசி, மரங்கொத்தி என்று படம் போட, நான் பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்கச் சுற்றியும் மைனா, காகம், புறாவோடு நின்றேன். என் பதிவுக்கு ஒரு கட்டைவிரல்கூட விழுந்ததில்லை. பொறாமையாகத்தான் இருந்தது.

அதனால்தான் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் உள்ள மாமரத்தில் முராய் என்னும் பாட்டுக்குருவி பாடுவது கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. காட்டுப் பறவை, பட்டணத்துக்குள்! நான்கு நாள் கொளுத்தும் வெயிலில் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். வால் நுனிகூடத் தெரியவில்லை. இருந்தும் குழுவில் "முராய் பார்த்தேன்" என்று போட்டுவிட்டேன். கட்டைவிரல்கள் கொட்டின.

வினையும் வந்தது. ஞாயிறு காலை செராஸிலிருந்து ஒருவர், சுங்கை பூலோவிலிருந்து ஒரு டீச்சர், இருவரும் பெரிய கேமராக்களோடு வந்து இறங்கினார்கள். நல்லவேளை, முராய் பாடத் தொடங்கியது.

"இலைக்குப் பின்னாடிதான் இருக்கு," என்று கை காட்டினேன்.

டீச்சர் கேமராவைச் சற்று உயர்த்தினார். "அங்கிள், அது மரத்துல இல்ல லா. பின்னாடி ஜன்னல்ல கூண்டு தொங்குது."

மரத்துக்கு அந்தப் பக்கக் கட்டடத்தின் இரண்டாம் மாடி சன்னலில், கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் முகம். "அங்கிள், நாலு நாளா எங்க வீட்டையே பாக்குறீங்க. போலீசுக்குப் போன் போடலாமான்னு இருந்தேன்!"

கூண்டுப் பறவையைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் கறாரான விதி. செராஸ்காரர் கேமராவைப் பைக்குள் வைத்தார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அங்கேயே நின்று குழுவில் எழுதினேன்: "பார்த்தேன் என்றது பொய். பாட்டு மட்டும்தான் கேட்டேன். அதுவும் வளர்ப்புப் பறவை." வெட்கத்தில் காது சுட்டது.

அதற்குள் அந்தப் பெண் கூண்டோடு கீழே இறங்கி வந்துவிட்டாள். "நாளைக்கு ஈப்போ போறோம், ஒரு வாரம். இதப் பாத்துக்க ஆளில்ல. நீங்கதான் இவ்ளோ ஆசையா பாக்குறீங்களே..."

மாட்டேன் என்று சொல்ல எனக்கு முகம் ஏது? ஒரு கையில் கூண்டும் மறுகையில் அதன் தீனியுமாக வீடு திரும்பினேன்.

கதவைத் திறந்த மனைவி கூண்டையும் என் கழுத்தில் தொங்கிய தொலைநோக்கியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரி, உள்ள கொண்டாங்க. ஒரு வாரம் அது ஒங்களப் பாக்கட்டும்."