வாசல் பார்வை

எங்கள் புகோமில் ஒகைட்டேயை யாரும் ஒகைட்டே என்று கூப்பிடுவதில்லை. கண்ணாடி என்றால்தான் தெரியும். அக்ராவின் இந்தக் கடலோரப் பேட்டையில் சந்துக்கொரு குத்துச்சண்டைக் கூடம். தடுக்கி விழுந்தால் ஒரு முன்னாள் சாம்பியன் மேல்தான் விழ வேண்டும். ஆனால் கண்ணாடி ஒருவன்தான். எந்தச் சண்டைக்காரனையும் இரண்டு முறை பார்த்தால் அவனுக்குப் போதும், மூன்றாம் முறை அந்தச் சண்டைக்காரனாகவே வந்து நிற்பான். அதே தோள், அதே கால், மூச்சு விடுகிற விதம்கூட அதேதான். பெரிய சண்டைக்குத் தயாராகிற எவனும் முதலில் ஒகைட்டேயைத் தேடித்தான் வருவான். எதிராளியின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு தினமும் எட்டு ரவுண்டு அடி வாங்குவது அவன் தொழில். காலையில் மீன் துறையில் ஐஸ் பார் சுமப்பான், மத்தியானத்துக்கு மேல் இது.

சொந்தமாகவும் சண்டை போட்டுப் பார்த்தவன்தான். பதினான்கு சண்டை, ஒன்பது தோல்வி. மணி அடித்து ஒரு நிமிஷம் ஆகாது, எதிரே நிற்பவனாகவே மாறிவிடுவான். அந்த ஆட்டத்தை அவன் பிறந்ததிலிருந்து ஆடிக்கொண்டிருக்கிறான், இவன் ஒரு நிமிஷமாக ஆடுகிறான். யார் ஜெயிப்பார்கள்?

"ஒனக்குன்னு ஒரு குத்து இருக்காய்யா?" என்று அவன் மனைவி கார்லே, புளித்த சோளமாவில் செய்த கெங்கி உருண்டையைச் சோளமட்டையில் சுற்றிக்கொண்டே கேட்பாள். அவன் சிரித்துக்கொண்டு போய்விடுவான்.

ஆனால் யார் எப்படி ஆடுவான் என்று கேட்டால் அவன் சொல்வதுதான் தீர்ப்பு. நாங்களெல்லாம் தள்ளி நின்று பார்த்தவர்கள், அவன் எல்லோரிடமும் அடி வாங்கியவன். அந்த வருஷம் ஊர் இரண்டு கட்சியாகக் கிடந்தது. ஒரு கட்சி சோவா. கார்லேயின் தம்பி, இருபத்தேழு வயது, எங்கள் கூடத்துப் பிள்ளை. இன்னொரு கட்சி கோர்லே வாவிக்கு அந்தப் பக்கத்து லார்பி. ஆகஸ்டில், ஹோமோவோ பண்டிகை முடிந்த வாரம், இரண்டு பேருக்கும் பெல்ட்டுக்கான சண்டை என்று முடிவாகியிருந்தது. கார்லேயின் கெங்கிக் கடை முன்னால் மீனைப் பிய்த்துத் தின்றபடி ஆளாளுக்கு அடித்துக்கொள்வார்கள். கடைசியில் கண்ணாடியிடம்தான் வந்து நிற்பார்கள்.

"சோவா உன்னை அடிக்கவே மாட்டான்" என்பான் ஒகைட்டே. "உன் குத்தத் தப்ப வைப்பான். நீ குத்துன எடத்துல இருக்க மாட்டான், அதுக்காகத் தள்ளியும் போயிருக்க மாட்டான். ஒரு காது அளவுதான் நகருவான். தப்பிடுச்சேன்னு நீ வெக்கப்படுறதுக்குள்ள ஒண்ணு வாங்கிருப்ப."

"லார்பி?"

"அவன் சந்தையில தக்காளி வாங்குறவ மாதிரி. தொட்டுத் தொட்டுப் பாப்பான். நெத்தி, தோளு, நெஞ்சு. வலிக்கவே வலிக்காது. நாலு ரவுண்டு அப்பிடியே போவும், உனக்கும் பழகிடும். அஞ்சாவதுல வலது கை வரும் பாரு, நேரா வராது. வெளிய சுத்தி, உன் எடது காதுக்கு மேல. அது வர்றதப் பாத்தவன் பொழைச்சான். பாக்காதவனத் தூக்கிட்டுத்தான் போவணும்."

"அப்ப யாருதாய்யா பெரியவன்?"

"சோவாதான். அவன் எல்லாத்தையும் பாக்குறவன். பாக்குறவன லார்பியால ஒண்ணும் பண்ண முடியாது."

"மச்சினனுக்கு ஜால்ராவா?" என்று எவனாவது கிண்டுவான். ஒகைட்டே தோளைக் குலுக்கிவிட்டு, எழுந்து நின்று, லார்பியாக மாறிக் கேட்டவனின் நெற்றியை விரலால் தொட்டுக்காட்டுவான். தொடப்பட்டவன் ஏனோ சிரிக்காமல் பின்வாங்குவான்.

டிசம்பரில் சோவா லோமேக்குப் போய் ஒரு முரட்டு ஆளை ஜெயித்துவிட்டு வந்தான். முகம் பூசணியாக வீங்கியிருந்தது. இரண்டு மாதம் ஆட்டமே இல்லை. பிப்ரவரியில் திரும்ப ரிங்கில் ஏறியபோது அவன் நிற்கிற நிலையே மாறியிருந்தது. தாடையை இடது தோளுக்கு மேலே கொண்டுவந்து, முகத்தை இடப்பக்கம் திருப்பி, எதிராளியை நேரே பார்க்காமல் நின்றான். யாரோ வரப்போகிறார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு, போனால் போகிறதென்று சண்டையும் போடுகிற மாதிரி. எதிரே நின்றவனுக்கு அவமானத்திலேயே பாதி உயிர் போனது. கூட்டம் எழுந்து நின்று ஊளையிட்டது. வானொலிக்காரன் மைக்கை ஒகைட்டேயின் வாயருகே நீட்டி, இது என்ன புது ஆட்டம் என்று கேட்டான்.

"இதுக்குப் பேரு வாசல் பார்வை" என்றான் ஒகைட்டே.

அவ்வளவுதான். மறுநாள் ஊரெல்லாம் அதே பேச்சு. ஐஸ் பார் சுமக்கிறவர்கள்கூடத் துறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு பொய்ச்சண்டை போட்டார்கள். புகோம்காரனுக்கு அழகான ஆட்டம் என்றால் உயிர். சோற்றுக்கு இல்லாவிட்டாலும் ஸ்டைலைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுவோம். ஒருத்தன் கோணலாக நின்றால், ஏன் கோணலாக நிற்கிறான் என்று எங்களில் எவனும் கேட்க மாட்டான். அந்தக் கோணலுக்கு என்ன பேர் என்றுதான் கேட்போம். நானும் அப்படித்தான். அதை இப்போது நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மே மாதம் தடை வந்தது. பூசாரிகள் சோளம் விதைத்த நாளிலிருந்து முப்பது நாள் ஊரில் சத்தம் கூடாது. மேளம் கிடையாது, பாட்டு கிடையாது, கோயிலில் கைதட்டல்கூடக் கிடையாது. எங்கள் கூடத்தில் அந்த ஒரு மாதமும் மணிக்குத் துணி சுற்றிவிடுவோம். கோச் க்வெய் சிவப்புத் துண்டோடு மூலையில் நிற்பார். துண்டு மேலே போனால் ரவுண்டு முடிந்தது என்று அர்த்தம். அந்த நாட்களில் கேட்பதெல்லாம் காலடி, மூச்சு, தோலில் கிளவுஸ் விழுகிற சத்தம், அப்புறம் கடல். ஊரே எதற்கோ காத்திருப்பது போல இருக்கும்.

தடையின் இரண்டாம் வாரம். ஒகைட்டே லார்பியாக நின்றுகொண்டிருந்தான். துண்டு மேலே போனது. ஒகைட்டே கையைத் தொங்கவிட்டான். சோவாவின் குத்து அவன் மூக்கில் வந்து இறங்கியது.

"பசியில இருக்கான்யா!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மறுநாளும் அதே. அதற்கடுத்த நாள் இரண்டு தடவை. எல்லோரும் சிரித்தார்கள், மூக்கில் பஞ்சு வைத்திருந்த ஒகைட்டே மட்டும் சிரிக்கவில்லை. நான்கு தடவையும் கோச் நின்றது சோவாவுக்கு இடப்பக்கம். வலப்பக்கமோ நேரேயோ துண்டு ஏறினால் சோவா சட்டென்று நிறுத்திவிடுகிறான். மணி இருந்திருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

அடுத்த ரவுண்டில் ஒகைட்டே தன் வலது கையை, காது சொறியப் போகிறவன் போல, மெதுவாக வெளியே கொண்டுபோனான். மெதுவாகச் சுற்றி வந்து சோவாவின் இடது நெற்றிப்பொட்டுக்கு ஒரு விரல் தூரத்தில் கிளவுஸை நிறுத்தினான். சோவா இமைக்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றான். வேறு யாரும் கவனிக்கிறார்களா என்று ஒகைட்டே சுற்றிலும் பார்த்தான். கையை இறக்கிக்கொண்டான்.

சாயங்காலம் படகுகளுக்கு நடுவே அவனைப் பிடித்தான்.

"எத்தன நாளாடா?"

சோவா பொய் சொல்லிப் பார்க்கவில்லை. "லோமேலேருந்து மச்சான். எடது கண்ணுல மொதல்ல கீழேருந்து கருப்பாத் திரை ஏறுச்சு. இப்ப முழுசா மூடிடுச்சு."

"டாக்டர் பாத்தாரே?"

"ஒரு கண்ணப் பொத்திப் படின்னாரு, படிச்சேன். மறு கண்ணப் பொத்துன்னாரு. அவரு சீட்டுல எழுதிக்கிட்டிருக்கும்போது அதே கண்ணயே கை மாத்திப் பொத்திக்கிட்டேன்." சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தான், பாவி. "கோச்சு கேட்டுடுவாரோன்னு தெனம் செத்துக்கிட்டிருந்தேன். எல்லாரையும் விட உன்னாலதான் பயம், நீ கண்டுபிடிச்சிருவன்னு. நீ என்னடான்னா பேரு வெச்சுட்ட. பேரு வெச்சப்பறம் ஒருத்தன்கூடக் கேக்கல மச்சான்."

ஒகைட்டே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"மாப்ளே, லார்பியோட வலது கை எங்கேருந்து வரும்னு தெரியும்ல?"

"தெரியும்."

"செத்துருவடா."

"ஒரே சண்டை. பெல்ட்டு வந்ததும் விட்டுர்றேன். வலதுலயும் இப்ப அப்பப்பப் பூச்சி பறக்குது, ரொம்ப நாள் ஆட முடியாதுன்னு எனக்கே தெரியும். அக்காகிட்ட மட்டும் சொல்லாத."

அன்றிலிருந்து மூன்று நாள் ஒகைட்டே சரியாகச் சாப்பிடவில்லை. கார்லே பரிமாறும்போது நிமிர்ந்து பார்க்கமாட்டான். லார்பியின் ஆட்களிடம் போய்ச் சொன்னால் அவர்கள் சண்டையை நிறுத்த மாட்டார்கள், லார்பியை ஐந்தாம் ரவுண்டு வரை காத்திருக்க வேண்டாம் என்பார்கள். அதனால் கோச் க்வெய்யிடம் போனான். கோச் நல்ல மனுஷர்தான். ஆனால் இருபது வருஷமாகக் கூடத்துக்கு ஒரு பெல்ட் வராதா என்று காத்திருந்தவர்.

"சோவாவுக்குக் கண்ணு தெரியலயா? தெரியாதவனாய்யா பதினேழு சண்டை ஜெயிச்சான்?"

"பிப்ரவரிலேருந்து ரெண்டுதான் கோச். ரெண்டு பேரும் எடது கைக்காரனுங்க. அவனுங்க குத்து வலப்பக்கமா வந்துச்சு, பாத்தான்."

"வாசல் பார்வைன்னு ரேடியோவுல சொன்னது யாரு? நானா?"

"நான்தான். தப்பா சொல்லிட்டேன்."

"அன்னிக்கு ஸ்டைலு, இன்னிக்குக் குருடா?" கோச் சோவாவைக் கூப்பிட்டு நேரே நிறுத்தி மூன்று விரலைக் காட்டினார். சோவா மூன்று என்றான். வலது கண்ணைப் பொத்திவிட்டுக் கேளுங்கள் என்று ஒகைட்டே சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. "போதுமா? ஒம்பது சண்டை தோத்தவன் வயித்தெரிச்சல் எனக்குப் புரியுது. அதுக்காக மச்சினன் மேலயேவா காட்டுவ?" கூடமே கேட்டுக்கொண்டு நின்றது. சோவா தரையைப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமையோடு எங்கள் கூடத்துப் பயிற்சி முடிகிறது. மறுநாள் சோவாவைக் குமாசி நகரத்துக்கு அனுப்புகிறார்கள், சண்டை வரைக்கும் அங்கேதான், அங்கே வேறு ஆட்கள். ஒகைட்டேக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு மத்தியானம். வாயால் சொன்னால் நம்பாதவர்கள் கண்ணால் பார்த்தால் நம்புவார்கள் என்று அவன் நினைத்தான். மூன்று ரவுண்டு லார்பியாக ஆடுவது. நான்காவதில் அன்றைக்குப் போல வலது கையை மெதுவாகக் கொண்டுபோய் நெற்றிப்பொட்டருகே நிறுத்துவது. பத்து எண்ணும்வரை நிறுத்துவது. கூடம் முழுக்கப் பார்க்கட்டும். கார்லேயையும் வரச் சொல்லியிருந்தான். ஏன் என்று அவள் கேட்டதற்கு, வந்து பார் என்று மட்டும் சொன்னான்.

வெள்ளிக்கிழமை கூட்டம் நிறைய. சண்டையன்று இதெல்லாம் இருக்காது என்று சோவா தலைக்கவசத்தைக் கழற்றி எறிந்தான். போட்டுக்கொள் என்று ஒகைட்டே கெஞ்சினான். கோச் முறைத்தார். கார்லே கதவருகே கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றாள்.

முதல் ரவுண்டு தொட்டான். நெற்றி, தோள், நெஞ்சு. இரண்டாவதும் தொட்டான். சோவா ஒரு காது அளவு நகர்ந்து நகர்ந்து ஆடியது அவ்வளவு அழகு. அதைப் பார்த்தும் சத்தம் போட முடியாமல் ஜனங்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவதில் ஒகைட்டேயின் தோள் இறங்கிவிட்டது, மூச்சு மாறிவிட்டது. நான் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவன் முகத்தில் அவன் இல்லை, லார்பிதான் இருந்தான்.

நான்காவதில் வலது கை வெளியே போனது. மெதுவாகப் போக வேண்டிய கை. லார்பியாக நிற்கிறவனிடம் மெதுவான கை கிடையாது. பதினைந்து வருஷமாக அவன் உடம்பு அடுத்தவனின் குத்தைத்தான் கற்றுக்கொண்டிருந்தது, நிறுத்தக் கற்றுக்கொள்ளவில்லை. அது வெளியே சுற்றி இடது காதுக்கு மேலே போய் இறங்கியது. சோவா வாசலைப் பார்த்துக்கொண்டே விழுந்தான்.

யாரும் கத்தவில்லை. தடை என்பது எங்கள் எலும்பில் ஊறிப்போயிருக்கிறது. கோச்சின் கையிலிருந்து துண்டு விழுந்தது. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது அவர் வாயைப் பார்த்தாலே தெரிந்தது. ஒகைட்டே மண்டியிட்டுச் சோவாவின் தலையை மடியில் எடுத்துக்கொண்டான். கார்லே கயிற்றுக்கு அடியில் நுழைந்து தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டாள். இனி சண்டை கிடையாது, பிழைத்துவிட்டான் என்றுதான் ஒகைட்டே அந்த நொடியில் நினைத்தானாம். பிறகு என்னிடம் சொன்னான்.

கொஞ்ச நேரத்தில் சோவாவுக்கு நினைவு திரும்பியது. கண்ணைத் திறந்தான். முகத்தை இடப்பக்கம் திருப்பினான், வலப்பக்கம் திருப்பினான், மறுபடி இடப்பக்கம்.

"மச்சான், கரண்ட் போயிடுச்சா?"

மணி அப்போது நான்கு. கூரையில்லாத கூடம். வெயில் நேராக அவன் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கார்லே புருஷனை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமாடா மாப்ளே, போயிடுச்சு" என்றான் ஒகைட்டே. "இப்ப வந்துரும், இரு."