புலி எதற்கு அக்கரைக்கு?

பாளையங்கோட்டையில் நான் கணக்கு நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு, பிள்ளைகளுக்குப் புதிதாக யோசிக்கக் கற்றுக்கொடுக்க ஒருவர் வந்தார். 'வளர்ச்சி மனப்பான்மை' என்று பேனர் கட்டியிருந்தார்கள். பங்குனி வெயிலில் கோட்டு போட்டிருந்தார். ஒரே ஒரு வகுப்புக்குப் பேச, காதில் மைக் வேறு.

யாராவது 'தெரியாது' என்றால் அவருக்கு ஆகாது. பேச்சை நிறுத்திவிட்டு, 'இன்னும் தெரியவில்லை' என்று எல்லோரையும் சேர்ந்து சொல்ல வைப்பார். சொன்னதும் கைதட்டுவார். காலை முழுக்க இதே கூத்து. என்னையும் ஒருதடவை சொல்ல வைத்துவிட்டார்.

மதியம் திரையில் ஓர் ஆற்றைக் காட்டினார். புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் படகில் ஒவ்வொன்றாக ஏற்றி, ஒன்றை ஒன்று தின்றுவிடாமல் அக்கரை சேர்க்க வேண்டும்.

மேலப்பாளையத்திலிருந்து வரும் பிள்ளை ஒருத்தி எழுந்தாள். "ஆத்துல இப்ப முழங்கால் தண்ணிதான் சார் கெடக்கு. ஆட்டைப் பிடிச்சிக்கிட்டு நடந்தே போயிரலாம்லா?"

"தப்பு. படகுலதான் போகணும்."

"சரி சார். புலியை எதுக்கு அக்கரைக்குக் கொண்டு போகணும்? அது பாட்டுக்கு இங்கனயே கெடக்கட்டுமே."

அவர் லேப்டாப்பைப் பார்த்தார். அதில் இதற்குப் பதில் இல்லை போல. "அதெல்லாம் எனக்குத் தெரியாது, உட்காரும்மா" என்றார்.

வகுப்பு மொத்தமும் ஒரே குரலில், "இன்னும் தெரியவில்லை" என்றது.

காலையிலிருந்து பழகிய கை. அவர் சந்தோஷமாகத் தட்டினார்.

அந்த முகத்தில் ஏதாவது உறைத்திருக்கிறதா என்று உற்றுப் பார்த்தேன். அப்படி ஒன்றும் தெரியவில்லை. அதோடு 'இன்னும்' சேர்த்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.