லோரின்னே போடுங்க

நம் ஊரில் ஒருவன் கால் பெருவிரலை இடித்துக்கொண்டால், எங்கே இடித்தான், காலையில் யார் முகத்தில் விழித்தான் என்பது வரைக்கும் தெருவே கூடிச் சொல்லும். மலாயாவில், கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணியில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலோ, காயத்தோடு வருகிற எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: லோரி, அதாவது நம் ஊர் லாரி. கை ஒடிந்தவனும் லோரி என்கிறான், காலில் கத்தி பட்டவளும் லோரி என்கிறாள். முழங்கை வெந்துபோய் வந்த ஒரு பெரியவர்கூட, "லோரி கவுந்திருச்சு தம்பி" என்றார். எந்த லோரியில் ஐயா வெந்நீர் கொதிக்கிறது என்று கேட்டேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

என் வேலை காயங்களுக்கு எண் போடுவது. இன்ன எலும்பு, இன்ன வெட்டு என்று டாக்டர் எழுதிக் கொடுப்பார். சீமையிலிருந்து வந்த தடிப் புத்தகத்தைப் பார்த்து நான் இரண்டு எண் போட வேண்டும். முதல் எண், என்ன காயம் என்பதற்கு. இரண்டாவது, அது எதனால் வந்தது என்பதற்கு. லோரி, பஸ் போன்ற வண்டிகளில் அடிபட்டால் ஓர் எண்; துப்பாக்கி, கத்தி என்றால் வேறு எண். வேறு காலமாக இருந்தால் இதைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்? ஆனால் இது வெள்ளைக்காரன் இங்கே அறிவித்த எமர்ஜென்சி. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் பட்டாளம், நடுவே முள்வேலிக்குள், பால்மரம் என்கிற ரப்பர் மரம் சீவும் தோட்டத்து ஜனங்கள். துப்பாக்கி எண் விழுந்தால் தாள் போலீசுக்குப் போகும். போலீசுக்குச் சந்தேகம் தீராவிட்டால் காவலில் வைப்பார்கள், பிறகு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். லோரி எண்ணில் ஆபத்தில்லை என்ற சேதி தோட்டம் தோட்டமாகப் பரவியிருந்தது. எனக்கோ சந்தேகம் கூடவே பிறந்தது. கும்பகோணத்தில் தயிர்க்காரியின் படியைக் கவிழ்த்துப் பார்த்து வாங்கியவன் நான். "நீ போலீசு வேலைக்குப் போயிருக்கணும்டா" என்பார் அப்பா. என்னைப் போன்றவனுக்கு ஏற்ற நாடுதான் இது.

ஒருநாள் செமிலிங் பக்கம் ஒரு தோட்டத்து லோரி நிஜமாகவே கவிழ்ந்தது. சாமான் ஏற்றி இறக்கும் ஆட்கள் சிலரைக் கொண்டுவந்து வரிசையாகப் படுக்க வைத்தார்கள். அவர்களில் வேலாயுதத்துக்குத் தோளெலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போடுவதற்காக அவன் சட்டையைக் கத்தரித்தபோது, முதுகில் வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள் தெரிந்தன. புதியவை. விபத்தை விசாரிக்க வந்திருந்த மலாய்க்காரப் போலீஸ் கோப்ரல் கிட்டே வந்து குனிந்து பார்த்தான்.

"பெலுரு" என்றான். குண்டு என்று பொருள். முதுகில் குண்டு பட்டிருந்தால், ஓடும்போது சுடப்பட்டவன் என்று அர்த்தம். அந்த எண்ணைப் போடச் சொல்லி என் மேசையைக் காட்டினான்.

நானும் குனிந்து பார்த்தேன். துளைகளின் ஓரத்தில் திருநீறு காய்ந்து ஒட்டியிருந்தது. காவடிக் கொக்கி குத்திய இடம் தெரியாதவனா நான்? ஆனால் அந்த வருஷம் தோட்டங்களில் கூட்டம் கூட அனுமதியில்லை, திருவிழா இல்லை. அப்படியென்றால் இவன் எங்கே காவடி எடுத்தான்? காட்டுக்குள்ளேயா? என் புத்தி உடனே அங்கேதான் போயிற்று.

"வேலாயுதம், காவடி எடுத்தீங்களா?"

"இல்லங்கய்யா."

"அப்ப இது என்ன?"

"லோரிங்கய்யா. பலகையில ஆணி இருந்துச்சு. லோரின்னே போடுங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா? உண்மை இவனைக் காப்பாற்றும்போது எதற்காக இந்த ஆணி? வார்டு ஆயா முனியம்மா பாத்திரம் எடுக்கிற சாக்கில் என் பக்கம் வந்தாள். "ஒத்துக்கிட்டா, கூட யார்யாரு நின்னாங்கன்னு கேப்பாங்கல்ல? பிள்ளைக்கு நேந்துகிட்டது. பால்மரத்துக்குள்ளயே மேளமில்லாம நடந்து முடிச்சிட்டாங்க. விடுங்கய்யா" என்றாள்.

கோப்ரல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். புரியாத பாஷையில் இரண்டு பேர் கிசுகிசுத்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? "ஸெம்பாயாங்" என்றேன், எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில். வழிபாடு. அவன் நம்பவில்லை. கூட்டிப்போக ஜீப் வரும் என்று கையால் காட்டினான்.

அப்போது அடுத்த கட்டிலில், தலையில் கட்டோடு கிடந்த நடராசன் மெல்ல எழுந்து உட்கார்ந்தான். திரும்பிச் சட்டையைத் தூக்கினான். அதே துளைகள், அதே வரிசை. அவனுக்கு அப்பால் படுத்திருந்தவனும் திரும்பினான். பிறகு இன்னொருவன். இத்தனை நேரம் ஒருவன் மறைத்துவைத்த கூட்டம், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

கோப்ரல் ஒவ்வொரு கட்டிலாக நடந்து பார்த்தான். இதே ஊரில் பிறந்தவன். சின்ன வயதில் தைப்பூசம் பார்க்காமலா இருந்திருப்பான்? யார் அனுமதி கொடுத்தது என்று மட்டும் கேட்டான். ஒரு முதுகும் திரும்பவில்லை. கடைசியில் என்னைப் பார்த்து, "லோரிலா", அதாவது லோரிதான், என்று சொல்லிவிட்டு வெளியேறினான். இரக்கப்பட்டுப் போனானா, ஆள் கூட்டிவரப் போனானா? அன்று முழுக்க எந்த ஜீப் சத்தம் கேட்டாலும் எழுந்து ஜன்னலுக்குப் போனேன். யாரும் வரவில்லை.

லோரி எண்ணைப் போட்டுவிட்டு வேலாயுதத்திடம் போய்ச் சொன்னேன். அவனுக்கு முழு நிம்மதி வரவில்லை. என்னையும் சந்தேகத்தோடுதான் பார்த்தான்.

"அப்ப என்னைய அனுப்ப மாட்டாங்கல்லய்யா?"

"எங்க?"

"அதான், ஒங்க ஊருக்கு."

தான் பிறந்த தோட்டம்தான் தன் ஊர் என்பதுபோல் உறுதியாகச் சொன்னான். என் ஊர் அவனுக்குத் தண்டனை என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில், எங்கள் ஊர் விலக்கில், புளியமரத்தடியில் பஸ் நிற்கும். அங்கே வேலாயுதத்தை இறக்கிவிட்டால் எந்தப் பக்கம் நடப்பான் என்று நினைத்துப் பார்த்தேன். அவனுக்கு வழி காட்டுவதற்காக அந்த நினைப்பிலேயே நானும் கூடவே இறங்கினேன். அப்பா போன பிறகு விற்றுவிட்ட எங்கள் வீட்டில் யாரோ விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.