கடவுள்மேல் நான் எழுதிய புகார்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மழைக்காலத்தில் நடந்தது இது. எனக்குச் சொந்த ஊர் ஆரணி. கண்ணமங்கலம் போகும் வழியில் உள்ள ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு இரண்டுக்கும் நான்தான். என் கணவர் வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு விசைத்தறி வைத்துப் பட்டுச் சேலை நெய்கிறார்.

அந்த வருடம் ஐப்பசியில் என் கழுத்தில் இருந்த தைராய்டு கட்டியை வேலூரில் அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். குரல் பாதிக்கப்படலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார். நமக்கெல்லாம் அப்படி ஆகாது என்று நினைத்துப் போட்டேன். கண் விழித்துப் பேச வாய் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. "நரம்பு சோர்ந்திருக்கு. ஆறு மாசத்துல திரும்பலாம். திரும்பாமலும் போகலாம்மா" என்றார் டாக்டர்.

ஒரு மாத விடுப்பு முடிந்து பள்ளிக்குப் போனேன். தலைமை ஆசிரியை நல்லவர். "அரையாண்டுத் தேர்வு வரைக்கும் பாக்கலாம். முடியலைன்னா நீண்ட விடுப்பு எடுத்துடுங்க" என்றார். முப்பது பிள்ளைகள் போடும் சத்தத்தில் என் காற்றுக் குரல் யாருக்குக் கேட்கும்? மேசையைத் தட்டித் தட்டிக் கை சிவந்ததுதான் மிச்சம். பேச வேண்டியதைச் சின்ன நோட்டில் எழுதிக் காட்டுவேன். பஸ்ஸில்கூட ஊர்ப் பெயர் எழுதிய சீட்டைத்தான் நீட்டுவேன்.

எனக்குக் கோபமெல்லாம் கடவுள்மேல்தான். எத்தனையோ மார்கழி விடியலில் எங்கள் தெருக் கோயிலில் பாடியிருக்கிறேன். அந்தக் குரலையே எடுத்துக்கொண்டாரே என்று வீட்டில் விளக்கேற்றுவதைக்கூட நிறுத்திவிட்டேன்.

ஒருநாள் வகுப்பில் ரகளை தாங்க முடியவில்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து அதட்டிவிட்டுப் போனார். அவமானமாக இருந்தது. மதியம் சத்துணவுக் கூடத்துப் பக்கம் போய்த் தனியாக உட்கார்ந்து அழுதேன். அங்கே சமைக்கும் பெண் என்னைவிடப் பத்து வயது இளையவள். கணவரை இழந்தவள். மதியம்வரை பள்ளியில் சமையல், மற்ற நேரத்தில் நடவு, களையெடுப்பு என்று கூலி வேலை. அவளுடைய மகளும் என்னிடம்தான் இரண்டாம் வகுப்பு படித்தாள்.

"இன்னா டீச்சர், சாப்பிடலியா? காலையிலேர்ந்து மூஞ்சே சரியில்லியே?" என்று கேட்டாள்.

ஆத்திரத்தில் நோட்டை எடுத்தேன். 'கடவுள் என்னை மறந்துவிட்டார். இனி நான் அவரைக் கும்பிட மாட்டேன்' என்று எழுதி நீட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது அப்போது நினைவே இல்லை.

அவள் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கு எங்க டீச்சர் இதெல்லாம் தெரியும்? ஏ பாப்பா, இங்க வா, டீச்சர் இன்னா எழுதிக் குடுத்தாங்கன்னு படி" என்று மகளைக் கூப்பிட்டுவிட்டாள். நான் நோட்டைப் பிடுங்கக் கை நீட்டுவதற்குள் அந்தச் சிறுமி கையிலிருந்த ஈரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு விரலால் எழுத்தைத் தொட்டுத் தொட்டுப் படிக்க ஆரம்பித்தாள். "க..ட..வுள்... என்னை... மறந்து... விட்டார்..."

என் புகாரை ஒரு குழந்தையின் வாயால் கேட்டபோது எனக்கு உடம்பு கூசியது. ஆனால் அவள் அம்மாவோ என்னைப் பார்க்கவேயில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெசமாவே எழுத்துக் கூட்டித்தான் படிச்சாளா டீச்சர்?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போன வருசம் இவளுக்கு 'அ' கூடத் தெரியாது. எங்க வூட்ல எழுத்து படிச்ச மொத ஆளு இவதான்." கொஞ்ச நேரம் கழித்துத்தான் நான் எழுதியது அவள் மனதில் ஏறியது போலிருக்கிறது. "சாமி மறந்துட்டாருன்னா எழுதனீங்க? மறந்தவரு உங்கள எதுக்குங்க எங்க ஊருக்கு அனுப்பனாரு? இவ அப்பா போனப்போ நானும் சாமிய அப்படித் திட்டனேன். திட்டிகினே வெளக்கு ஏத்துவேன். நீங்களும் நல்லா திட்டுங்க டீச்சர். ஆனா வுட்டுடாதீங்க."

அன்று மாலை வீட்டுக்குப் போய்த் தறிக் கொட்டகை வாசலில் நின்றேன். என்னைக் கண்டதும் கணவர் ஒவ்வொரு தறியாக நிறுத்திவிட்டு அருகில் வந்து, "சொல்லு" என்றார். நான் பேசினால் தறிச் சத்தத்தில் கேட்காதே என்று மருத்துவமனையிலிருந்து வந்த நாள் முதல் அவர் இப்படித்தான் செய்கிறார். அன்றுதான் அது என் கண்ணில் பட்டது. சொல்ல வந்ததை மறந்து அழுதேன். பிறகு போய் விளக்கேற்றினேன். திட்டிக்கொண்டேதான்.

மறுநாளிலிருந்து வகுப்பில் நான் கரும்பலகையில் எழுத, பிள்ளைகளே மாறி மாறி எழுந்து படித்தார்கள். முதலில் படித்தது அந்தச் சிறுமிதான். நான் படித்துக் காட்ட வழியில்லாததால் மெதுவாகப் படிக்கிற பிள்ளைகள்கூடத் தாமாகவே எழுத்துக் கூட்டினார்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்தது. தலைமை ஆசிரியை விடுப்புப் பேச்சையே எடுக்கவில்லை.

மாசி மாதத்தில் ஒரு காலை. பஸ்ஸில் புதுக் கண்டக்டர். நான் எழுதி வைத்த சீட்டைப் பையில் தேடிக்கொண்டிருக்க, "ஜல்தி சொல்லும்மா, எங்க போவணும்?" என்று அவசரப்படுத்தினார். என்னையறியாமல் ஊர்ப் பெயரைச் சொன்னேன். கரகரவென்று சத்தம் வந்தது! நான் திகைத்துப்போனேன். அவரோ, "தொண்டை கட்டிகிச்சாம்மா? வெந்நீர் குடி" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார். நான் சிரித்துக்கொண்டே அழுததைப் பார்த்துப் பக்கத்து சீட்டு அம்மாள் பயந்தே போனார்.

குரல் முழுதாகத் திரும்பவில்லை. இனியும் திரும்பாமல் போகலாம். ஆனாலும் தினமும் விளக்கேற்றும்போது, எனக்குக் கிடைத்த மனிதர்களை ஒவ்வொருவராக நினைத்து நன்றி சொல்லிவிட்டு, மீதியைக் கடவுளிடமே விட்டுவிடுகிறேன். அவர் பார்த்துக்கொள்வார் என்று நம்ப எனக்கு இப்போது சிரமமாக இல்லை.