ஆமாம், ஃபேனை மாற்றியது நான்தான்

மூன்று வருடங்களுக்கு முந்தைய ஆடி மாதத்தில் தொடங்கியது இது. போடிநாயக்கனூர் ஜீப்பு ஸ்டாண்டில் ஒரு பெண் ஓட்டுகிற வண்டி என்னுடையது ஒன்றுதான். முதுகு வலியால் என் கணவர் இனி ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதும், வண்டியை விற்றுவிடு என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். நான் விற்கவில்லை, லைசன்ஸ் எடுத்தேன். காலையில் ஏலத்தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறுவேன். சாயங்காலம் அவர்களைக் கீழே கொண்டுவந்து விடுவேன்.

அதற்கு முந்தின மழைக்காலத்தில், தோட்டத்துக்கு முன்னால் குறுக்கிடும் ஓடையில் இறங்கியபோது, இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் பெல்ட் ஃபேனின் இறக்கை தண்ணீரில் அடித்து வளைந்து ரேடியேட்டரைக் கிழித்துவிட்டது. அதுபோக, கொண்டை ஊசி வளைவுகளில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போனாலே வண்டி சூடாகும். இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் அந்த ஃபேனும் மெதுவாகத்தானே சுற்றும்? எலக்ட்ரிக் ஃபேன் அப்படியில்லை. வண்டி நின்றாலும் முழு வேகத்தில் காற்றடிக்கும். தண்ணீரில் இறங்கும்போது ஒரு சுவிட்சைத் தட்டி நிறுத்திவிடலாம். நாலு பேரிடம் விசாரித்து, அதையே போடுவதென்று முடிவு செய்தேன்.

ஸ்டாண்டில் சிரித்தார்கள். எங்களில் மூத்த டிரைவர் ஒருவர், இருபத்தைந்து வருடமாக மலை ஏறுகிறவர், என் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏந்தங்கச்சி, மலை ஏறுற வண்டிக்குப் போயி கரண்டு ஃபேனா? பெல்ட்டு அந்தா கண்ணு முன்னால ஓடுது. அத்துப்போனா வேற மாட்டிக்கிரலாம். ஒயரு போச்சுன்னா நடுமலையில என்ன செய்வ?"

"போனா பாத்துக்கிர்றேண்ணே" என்றேன்.

வழக்கமான மெக்கானிக்கும் கைவைக்க மாட்டேன் என்றுவிட்டார். பழைய கார் ஒன்றின் ஃபேனை வாங்கி, வீட்டில் கிடந்த ஒயரை வைத்து நானே மாட்டினேன். நான்கு நாள் பிரமாதமாக ஓடியது. ஐந்தாம் நாள், பாதி மலையில் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. சூடு காட்டும் முள் சிவப்பில் நின்றது. பானெட்டைத் திறந்தால் ஒயர் உருகிப் புகைந்துகொண்டிருந்தது.

பின்னால் வந்த மூத்த டிரைவர் வண்டியை நிறுத்தி, என் வண்டியிலிருந்த பெண்களைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். "இது சமையக்கட்டு சோலி இல்ல தங்கச்சி" என்றார். வண்டியிலிருந்த ஒருத்தி சிரித்ததுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

"ஒயருதாண்ணே எரிஞ்சிருக்கு, நான் எரியல" என்று சொல்லிவிட்டேன். அவர் வண்டி வளைவில் மறைந்த பிறகு, கல்லில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

மறுநாள் போடி கடைத்தெருவில் இன்வெர்ட்டர் ரிப்பேர் செய்யும் பாய் ஒருவரிடம் கருகின ஒயரைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதை விரலில் உருட்டிப் பார்த்தார்.

"ஃபேனு மேல குத்தமில்லம்மா. வீட்டு லைட்டுக்குப் போடுற ஒயர இதுக்குப் போட்டா தாங்குமா? நடுவுல பியூஸு கூட இல்லையே."

தப்பு முழுக்க என்னுடையது. மறுக்க வழியே இல்லை. ஆனால் அதற்காக பெல்ட் ஃபேனுக்குத் திரும்பவும் மனம் ஒப்பவில்லை. தடித்த ஒயர், ரிலே, தனி பியூஸ், கொஞ்சம் பெரிய டைனமோ என்று அவர் சொன்ன எல்லாவற்றையும் வாங்கினேன். அவர் வழி சொல்ல, ஒவ்வொரு இணைப்பையும் என் கையாலேயே முறுக்கினேன்.

ஆவணியில் ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்தில் ஒரு பெண் சறுக்கி விழுந்து, கையிலிருந்த, கிளை நறுக்கும் கவாத்துக் கத்தி கெண்டைக்காலில் ஆழமாக இறங்கிவிட்டது. சேலையை இறுக்கிக் கட்டியும் ரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக ஓடையைத் தாண்டியாக வேண்டும், அதில் செந்தண்ணீர் புரண்டு போனது. அங்கே நின்றவை இரண்டு வண்டிகள், மூத்த டிரைவருடையதும் என்னுடையதும்.

"பெல்ட்டு ஃபேனோட எறங்குனா ரேடியேட்டரு போயிரும். நட்டாத்துல நின்னுபோவோம். தண்ணி வடியட்டும்" என்றார் மூத்த டிரைவர். அவர் வண்டிக்கு அவர் சொன்னது சரிதான்.

நான் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு ஓடையில் இறங்கி நடந்து பார்த்தேன். ஆழமான இடத்தில் முழங்காலுக்கு ஒரு சாண் மேலே. அடியில் பாறை. திரும்பி வந்து, "என் வண்டியில ஏத்துங்க" என்றேன். அடிபட்டவளையும் அவளுடைய மதினியையும் மட்டும் ஏற்றினார்கள்.

ஃபேனை நிறுத்தினேன். முதல் கியர். பாதி ஓடையில் தண்ணீர் பம்பர் மேல் ஏறியது. வண்டியின் பின்பக்கம் ஒரு சாண் நகர்ந்ததை என் இடுப்பில் உணர்ந்தேன். பின்னால் மதினி அல்லாஹ்வைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கால் எடுக்காமல் மிதித்தேன். ஏறிவிட்டோம்.

ஓடையிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போகும் ஏற்றத்தில் முள் உயர ஆரம்பித்தது. சுவிட்சைப் போட்டேன். சத்தமே இல்லை. இறங்கி, பியூஸைப் பிடுங்கிப் பார்த்தேன், போயிருந்தது. மாற்று பியூஸ் சட்டைப் பையில் இருந்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மாட்டினேன். ஃபேன் கிர்ரென்று ஓட ஆரம்பித்த அந்தச் சத்தம் எனக்கு என்னவாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

போடி ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். ஒன்றரை மாதத்தில் அவள் மறுபடி வேலைக்கு வந்துவிட்டாள்.

மறுநாள் ஸ்டாண்டில் மூத்த டிரைவர் கேட்காமலே என் பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். "எத்தனையாம் நம்பரு ஒயரு போட்டிருக்க?" என்று கேட்டார். சொன்னேன். இன்றும் அவர் பெல்ட் ஃபேன்தான் ஓட்டுகிறார், அது அவர் இஷ்டம்.

அந்த ஓடையைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்: மெல்லிய ஒயரைப் போட்டதற்காக நான் வெட்கப்பட்டது நியாயம்தான், ஆனால் என் வண்டிக்கு நானே முடிவெடுத்ததற்காக யார் முன்னாலும் ஒருநாளும் வெட்கப்படப் போவதில்லை.