ஸ்ரெலா அக்காவின் ஏழு

"அக்கா போயிட்டா," என்று அக்காவின் தம்பியார் அன்ரன் அண்ணை தொலைபேசியில் சொன்னார். நான் சிரித்தேன். எனக்கும் ஸ்ரெலா அக்காவுக்கும் இடையில் அப்போது ஒரு பகிடி நடந்துகொண்டிருந்தது. தம்பியாரைப் பிடித்துப் பதிலுக்குப் பகிடி விடுகிறா என்றே நினைத்தனான். "எந்த வள்ளத்தில போயிட்டா?" என்றும் கேட்டுவிட்டேன். அண்ணைக்குப் பின்னால் செபம் சொல்லும் சத்தம் கேட்டது.

எழுவைதீவில் அவவின் கை திருத்தாத தையல் மெசின் இல்லை என்பது இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றை எழுதத்தான் இந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கினேன்.

ஊர்காவற்றுறையில் பழைய இரும்போடு கிடந்த ஒரு கணக்கு மெசினை அக்கா வள்ளத்தில் ஏற்றி வந்தா. விசையை அழுத்தினால் எண்ணைக் கடதாசிச் சுருளில் அடித்துத் தரும் வகை. உள்ளே இருந்த மின்பலகையை உப்புக்காற்று தின்றிருந்தது. "இரும்பு என்ர பாடு, மூளை உம்மட பாடு," என்றா. நான் உள்ளங்கையளவு புதுப்பலகை ஒன்றைப் பூட்டி அதற்கு நிரல் எழுதினேன். எண்கள் பொறித்த உருளை சுற்றும். வேண்டிய எண் வரும் கணத்தில், ஒவ்வொரு இலக்க இடத்துக்கும் ஒன்றாக இருக்கும் குட்டிச் சுத்தியல் கடதாசியை அதில் அடிக்கும். கணம் பிந்தினால் அடுத்த எண் விழும். நான் ஓயாமல் கதைத்துக்கொண்டே வயர் ஒட்டுவதைப் பார்த்து, "உமக்கு வாய் மட்டும் கறன்ற் இல்லாமலே ஓடும்," என்பா.

வேலை முடிந்த அன்று, வள்ளத்துக்குக் கிளம்ப முன், நிரலில் ஏழுக்கு மட்டும் கடைசிச் சுத்தியலைச் சற்றுப் பிந்தவிட்டேன். இனி ஏழை அழுத்தினால் எட்டு விழும். ஏழை ஒரு படி உயர்த்துகிற மெசின் என்று சொல்லிச் சிரிக்க வசனமும் ஆயத்தமாக வைத்திருந்தேன்.

புதன்கிழமை அக்கா தொலைபேசியில் அழைத்தா. "தம்பி, ஏழுக்கு எட்டு வருது. உம்மட பக்கம் பிழை இராது. என்ர சுத்தியல்தான்." நான் வாயைப் பொத்திக்கொண்டு, "கழற்றிப் பாருங்கோ அக்கா," என்றேன். சனிக்கிழமை போய், அவவின் கண்முன்னாலேயே சரியாக்கி, முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். அவவின் சின்னத் தொலைபேசியில் முகம் தெரியாதே.

சனிக்கிழமை வாடைக்காற்று. வள்ளம் ஓடவில்லை. ஞாயிறும் இல்லை. இறங்குதுறையில் நின்று உண்மையை அவவுக்குக் குறுஞ்செய்தியாக ஒரு வரியில் அடித்தேன். பகிடி பழுதாகிவிடும் என்று அழித்தேன். திங்கள் காலை அவவின் நெஞ்சு நின்றது.

செத்தவீட்டில் அன்ரன் அண்ணைதான் மிச்சத்தைச் சொன்னார். படுக்கச் சொல்லியும் கேளாமல், நாலு நாளாக ஒவ்வொரு சுத்தியலையும் கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்டினாவாம். ஞாயிறு பின்னேரம் திருத்த வந்த தையல் மெசின் ஒன்றைத் தொடாமலே திருப்பி அனுப்பினாவாம்.

"என்ர கை போச்சடா அன்ரன். இனி ஏலாது."

பெட்டிக்குப் பக்கத்தில்தான் நின்றேன். கறன்ற் இல்லாமலே ஓடும் வாய் அன்றைக்கு ஓடவில்லை. இப்போது எழுதுகிறேன்: அவவின் கையில் ஒரு பிழையும் இல்லை. சுத்தியல் அத்தனையும் சரியாகத்தான் இருந்தன. பிழை என்னுடையது.

அக்காவின் நினைவாக வைத்திரு என்று, ஒன்றும் தெரியாமல், அண்ணை மெசினை என்னிடமே தந்துவிட்டார். சுருளில் எட்டு, எட்டு, எட்டு, கீழே இழுக்க இழுக்க எட்டு. ஒவ்வொன்றும் அவ ஏழை அழுத்தியது. நிரலைத் திருத்திவிட்டு நானும் ஒரு தடவை அழுத்தினேன். ஏழு விழுந்தது, நேராக, நல்ல கறுப்பாக. அவ பூட்டிய சுத்தியல் அப்படித்தான் அடிக்கும்.

அண்ணை, இதை வாசித்துவிட்டு மெசினைத் திருப்பிக் கேட்டால், முதல் வள்ளத்தில் கொண்டுவந்து தருகிறேன். அந்தச் சுருளை மட்டும் கேளாதேயுங்கோ.