சம்பந்தம் பேச வந்தவரும் எங்கள் ஊர் நீர்த்தேக்கமும்

இந்தப் பக்கம் சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் எல்லோரும் புதுச்சேரிக் கடற்கரையைக் கைகாட்டுவார்கள். நான் திண்டிவனத்துக்காரன். எங்களுக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கத்தைத்தான் சொல்வேன். ஆனால் இந்தத் தை மாதம் நான் அங்கே போனது தம்பியின் கல்யாணத்தைக் காப்பாற்ற.

தம்பிக்குப் பார்த்த பெண் மன்னார்குடிப் பக்கம். இருவருக்கும் பிடித்துப்போய்விட்டது. பெண்ணின் அப்பா வீடு பார்க்க வந்தார். 'தண்ணி இல்லாத ஊராச்சே' என்று அவர்கள் சொந்தக்காரர் யாரோ கிளப்பிவிட்டிருந்தது எங்கள் காதுக்கும் வந்திருந்தது. அதனால் அம்மா விடியற்காலையிலேயே குடம், அண்டா, டிரம், பக்கெட், இட்லிக் குண்டான் வரை நிரப்பி வரிசையாக வைத்துவிட்டார். லாரித் தண்ணீர் காலத்துப் பழக்கம். மனிதர் அசந்துபோவார் என்று நினைப்பு.

அவர் பயந்துபோனார். "இவ்வளவு புடிச்சு வச்சிருக்கீங்களே, எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணி வரும்?"

"டெய்லி வருதுங்க. நீங்க வர்றீங்கன்னுதான் ரொப்பி வச்சேன்" என்றார் அம்மா.

அவர் நம்பவில்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டு, "வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றோம்" என்றார். கல்யாணப் பேச்சில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். தம்பியின் முகம் சுண்டிப்போனது.

"பஸ்ஸுக்கு நேரம் இருக்கு சார், ஒரு இடம் பாத்துட்டுப் போலாம்" என்று அவரைத் தெருமுனை ஆட்டோவில் ஏற்றினேன். பெருமுக்கல் போகும் சாலையில் பன்னிரண்டு கிலோமீட்டர், அரை மணி நேரம். காத்திருந்து திரும்பக் கூட்டிவர நானூறு ரூபாய். விஷயம் தெரிந்ததும் ஓட்டுநருக்கு ரோஷம் வந்துவிட்டது. "யாரு சார் சொன்னது தண்ணி இல்லன்னு? ஜல்தியா உட்றேன், நீங்களே பாருங்க!"

கரை மேல் ஏறினோம். எதிர்க்கரை மரங்கள் சின்னதாகத் தெரிகிற அளவுக்குத் தண்ணீர் பரந்து கிடந்தது. நீர்க்காகங்கள் முங்கி எழுந்தன. பம்பு அறையிலிருந்து ஊருக்குப் போகும் பெரிய குழாயில் காதை வைத்தால் இரைச்சல் கேட்டது. பெண்ணின் அப்பாவும் வைத்துக் கேட்டார்.

"ஆறு எந்தப் பக்கம் தம்பி?"

"ஆறு கிடையாது சார். மழைத் தண்ணியத் தேக்கி வச்சிருக்கோம்."

"எங்க அப்பா, சித்தப்பா எல்லாம் இந்தக் கரைக்கு மண்ணு சொமந்தவங்க சார்" என்றார் ஓட்டுநர். எங்கள் ஊரைப் பற்றி இவ்வளவு கர்வம் எனக்குள் இருந்தது அன்றுதான் தெரிந்தது.

பெண்ணின் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் இறங்கினார். தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நாங்க வருஷா வருஷம் மேட்டூர் எப்பத் தொறப்பாங்கன்னு பேப்பரப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம். நீங்க பக்கத்துலயே வச்சிருக்கீங்க" என்றார்.

மேலே வந்ததும் என் தோளில் கைபோட்டார். "இனிமே சார்னு கூப்பிடாதீங்க தம்பி. மாமான்னு கூப்பிடுங்க."

போகிறவர்களுக்கு: மழைக்காலம் முடிந்த மார்கழி, தை மாதங்களில் போங்கள். கரையில் நிழல் இல்லை, காலையிலேயே கிளம்புங்கள். அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கிடைக்கும், தோலைத் தண்ணீரில் போடாதீர்கள், அந்தத் தண்ணீரைத்தான் நாங்கள் குடிக்கிறோம். எங்கள் பக்கத்து மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும் ஒன்று: சம்பந்தம் பேச வருகிறவரை முதலில் இங்கே கூட்டி வாருங்கள். காபியை அப்புறம் கொடுக்கலாம், மிச்சம் வைக்காமல் குடிப்பார்.